எல்லை தாண்டிய எலும்பு

அன்று காலையில் செம்பன் கக்கி வைத்திருக்கவில்லை.

கொட்டாங்குச்சி நிறைய அடுப்புச் சாம்பலோடு வெளியே வந்த சௌந்திரம், வேப்பமரத்தடியையும் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தையும் எருக்குழிப் பக்கத்தையும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தாள். நாய் ராத்திரியில் கக்கியதைத் தேடிக் கண்டுபிடித்து, சாம்பலைத் தூவி, கூட்டி அள்ளிப் போய்க் கொட்டுவதுதான் அந்த வீட்டில் விடிந்ததும் அவளுக்கு முதல் வேலை. வாசல் தெளிப்பதும் எருமைக்குச் சோளத்தட்டுப் போடுவதும் அதற்கப்புறம்தான். இன்றைக்கு ஐப்பசித் தூறல் நனைத்த மண் மெழுகினாற்போல் சுத்தமாகக் கிடந்தது. மஞ்சள் நுரை இல்லை, செரிக்காத கம்பஞ்சோறு இல்லை, புளித்த வாடை இல்லை. வேலிப் படலுக்கு அருகே முன்னங்கால்களை நீட்டித் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த செம்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தேறிட்டியா என்ற சாமி" என்று கிட்டப் போய்த் தலையைத் தடவினாள். உடம்பு கதகதப்பாக இருந்தது. ராத்திரி முழுக்கத் தூறியும் மயிர் நனையவில்லை. எங்காவது ஒண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஈர நாயிடம் வரும் வாடையும் வரவில்லை. அதற்குப் பதிலாக, சமீபத்தில் எங்கோ முகர்ந்த மாதிரி, சூடமும் பச்சை ரத்தமும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறி உடனே இறங்கிவிட்டது. கொண்டுவந்த சாம்பலை என்ன செய்வதென்று தெரியாமல் வெறும் மண்ணில் கொட்டிவிட்டு உள்ளே போனாள்.

செம்பனுக்கு உலகத்தில் ஒரே எதிரி அதன் வயிறுதான். குட்டியாக இருந்தபோதே, பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து துண்டில் முடிந்து அதைக் கொண்டுவந்த அவள் புருஷன் சின்னண்ணன் சொன்னான், நாயாகப் பிறந்ததே தவிர இதற்கு மகாராஜா வயிறு என்று. மற்ற நாய்கள் செத்த எலியைத் தின்றுவிட்டு ஏப்பம் விடும். இதற்கு முந்தின நாள் சோறு ஆகாது, களி ஆகாது, மோர் பட்டால் போதும், நாலு எட்டு நடப்பதற்குள் கொட்டிவிடும். வயிறு எக்கி எக்கி, தொண்டையில் ஒரு கரகரப்பு எழுந்து, கடைசியில் மன்னிப்புக் கேட்பது போல் ஒரு முனகல். அந்தச் சத்தம் சௌந்திரத்துக்குத் தன் பிள்ளையின் அழுகையைவிடப் பழக்கம். ஆனால் காவலுக்கு அதற்கு ஈடு கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் சருகு அசைந்தால் எழுந்துவிடும். பழகாத ஆள் ஒருவன் படல் தாண்டி வந்துவிட முடியாது. அதுவும் ஒரு நாளும் வாசற்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. வெளியே இருப்பதுதான் தன் வேலை என்று யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டது போல.

இந்த வருஷம் அந்தக் காவல் இல்லாமல் முடியாது. மேட்டூரில் அணை கட்டுகிறார்கள், கல் இழுக்க வண்டிக்கு நல்ல கூலி என்று சின்னண்ணன் மாட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். "செம்பன் இருக்குதல்ல, அப்பறம் உனக்கென்ன பயம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். போனவன் அணையைத் தானே கட்டி முடித்துவிட்டுத்தான் திரும்புவான் போலிருந்தது. வெண்ணந்தூரிலிருந்து வண்டித்தடத்தில் வெகுதூரம் உள்ளே தள்ளி, சுற்றிலும் ஆளுயரச் சோளம் நிற்கிற தோட்டத்தின் நடுவில், கூப்பிட்டால் யாருக்கும் கேட்காத ஒற்றை வீடு. மண்சுவர், பனையோலைக் கூரை, மூங்கில் தட்டிக் கதவு. உள்ளே அவளும், இன்னும் உட்காரப் பழகாத, பல் முளைக்காத ஆண்பிள்ளையும்.

புரட்டாசியில் அலவாய்மலையிலிருந்து கழுதைப்புலி இறங்கியது. வெண்ணந்தூரில் ஒரு நெசவாளி வீட்டில் தாய்க்குப் பக்கத்தில் படுத்திருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தாய் விழித்துப் பார்த்தபோது சேலைத் தலைப்பு மட்டும் ஈரமாக இருந்ததாம். அதற்கப்புறம் அந்தி சாய்ந்தால் மலைப்பக்கமிருந்து சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வரும். வரும்போதெல்லாம் செம்பன் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடிக் குரைக்கும். சௌந்திரம் பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு, "ஒருத்தரையும் உள்ள உடாத சாமி" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அதனிடம் கெஞ்சுவாள்.

ஐப்பசி பிறந்ததும் செம்பன் படுத்துவிட்டது. கஞ்சித் தெளிவைக் கொடுத்தாலும் கக்கியது. பாவப்பட்டு யாரோ கொடுத்த வெந்த எலும்பை அவள் போட்டாள். அதற்கப்புறம் கழிந்ததில் ரத்தம் வந்தது. விலாவை எண்ணிவிடலாம் போல ஆனது. குரைக்க வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. அன்றைக்கு அந்தச் சிரிப்பு சோளக்காட்டு ஓரத்தில், மிக அருகில் கேட்டது.

மறுநாளே அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணுசாமியைத் தேடிப் போனாள். சந்தையில் ஆடு அறுத்துக் கூறு போடுகிறவர். நாய் மாடுகளுக்குச் சீக்கென்றால் ஊரே அவரிடம்தான் போகும்.

"வெந்த எலும்பு போட்டீங்களாக்கு? அதான் அம்மிணி கெடுத்துது" என்றார். "வெந்தது ஊசி ஊசியா ஒடையும், கொடலக் கிழிச்சுப்போடும். பச்சையாப் போடோணும். சதையோட, ஜவ்வோட, நெஞ்செலும்பு கழுத்தெலும்பு மாதிரி எளசா. ஒரு நேரம் பட்டினி போட்டுட்டுப் பொறவு கொஞ்சமாக் குடுங்க. மென்னு திங்கத் திங்க வகுறு தானா வழிக்கு வந்துரும்."

"எலும்புக்கு எங்கண்ணா போவேன்? சந்தை நேத்துத்தான் முடிஞ்சுது. எங்கூட்டுக் கோழியெல்லாம் ஆவணியிலயே சீக்கு வந்து போச்சுங்க. அடுத்த சந்தை வரைக்கும் இது தாங்காதுங்க." அவள் கொஞ்சம் தயங்கினாள். "நாளைக்கு எல்லை முனியப்பனுக்குக் கெடா வெட்டறீங்களாமே..."

கண்ணுசாமியின் முகம் மாறிவிட்டது. "அதைய மட்டும் நெனைக்காதீங்க அம்மிணி."

"நாய்க்குத்தானுங்க."

"நாய்க்கோ நரிக்கோ. அந்தக் கறி அங்கயே வேகோணும், அங்கயே தீரோணும். தின்ன கையக்கூட எல்லை வாய்க்கால்ல கழுவிட்டுத்தான் நாங்க ஊட்டுக்கு வாரது. மிச்சம் மீதி எலும்பெல்லாம் குழிக்குள்ள போட்டு மேல முள்ள வெட்டி வெச்சிருவோம். அவரு தனக்குன்னு கேக்கறதில்லீங்க. அவரு அங்க ஒண்ணைப் புடிச்சுக் கட்டி வெச்சிருக்காரு, அதுக்குத்தான் அந்தப் பங்கு. பங்கு அங்க இருந்தா அதும் அங்க இருக்கும். பங்கு எந்தப் பக்கம் போகுதோ, அந்தப் பக்கம் வந்து உக்காந்துக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கழுதைப்புலிய வெரட்டத்தான் இப்ப வெட்டறதே. நீங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு பண்ணிப்போடாதீங்க."

அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வரும் வழியெல்லாம் யோசித்தாள். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதுதானே கட்டு? செம்பன் வீடா? அது படலருகில் கிடக்கிறது. ஒரு நாளும் வாசற்படி ஏறாதது. வெளியே தின்றுவிட்டு வெளியே கிடக்கப்போகிறது. வீட்டுக்குள் ஒரு துணுக்குக்கூட வராது. பிள்ளையைப் பறிகொடுத்த அந்த நெசவாளியின் பெண்சாதியை நினைத்துப் பார்த்தாள். அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

மறுநாள் உச்சிப் பொழுதில்தான் வெட்டு. பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. களையெடுக்க வந்திருந்த பாவாயியிடம் பிள்ளையை விட்டுவிட்டு, சோளத்துக்குள்ளேயே குனிந்து போய், பனைமரங்களின் பின்னால் நின்றாள். ஆண்கள் முனியப்பனின் பெரிய மண்கண்களுக்கு முன்னால் சூடம் கொளுத்திக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்டுக்கட்டை இந்தப் பக்கம், அவளுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கூறு போட்ட கறி ஒருபக்கம், நெஞ்செலும்பும் கழுத்தும் ஒருபக்கம். ஒரு ஆமணக்கு இலையைப் பறித்து, கைக்கு வந்ததை அள்ளி மடித்துக்கொண்டு திரும்பிவிட்டாள். ஒருவரும் பார்க்கவில்லை. கட்டையைச் சுற்றி ஓர் ஈகூட இல்லை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. பின்னாலேயே சோளத்தட்டுகளை விலக்கிக்கொண்டு ஏதோ வருகிற மாதிரி இருந்தது. நின்றால் அதுவும் நின்றது. காற்றுத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வாய்க்காலை ஒரே தாண்டாகத் தாண்டி வந்துசேர்ந்தாள்.

செம்பன் முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. இலையைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், சோளத்தைப் பார்த்தது. "தின்னு சாமி, கையெடுத்துக் கும்படறேன், தின்னு" என்று அவள் அழுதாள். அது அசையாமல் நிற்கவே, தாடையைப் பிடித்துத் திறந்து எலும்பை வாயில் திணித்தாள். அவள் சொல்லி அது எதைத்தான் செய்யாமல் இருந்திருக்கிறது? ஒன்றைக் கடித்து விழுங்கியது, இன்னொன்றை விழுங்கியது. கடைசித் துண்டைக் கவ்விக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி, எல்லைப் பக்கமாகச் சோளத்துக்குள் போய்விட்டது.

பாவாயி பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பசியில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. பால் கொடுப்பதற்குள் சௌந்திரத்தின் விரலைப் பிடித்து வாயில் போட்டு, ஈறு ஊறுகிற பிள்ளை அல்லவா, நன்றாகச் சப்பிவிட்டது. அப்போதுதான் அவளுக்குக் கையைக் கழுவவில்லை என்று ஞாபகம் வந்தது. தொட்டியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் படலருகிலிருந்து மெல்லும் சத்தம் கேட்டது. கடக், கடக் என்று நிதானமாக. தட்டியை அழுத்திக் கட்டிவிட்டு, அந்தச் சத்தத்தைத் தாலாட்டாக வைத்துக்கொண்டு வெகுநாளைக்கப்புறம் அவள் கண்ணயர்ந்தாள்.

அதற்கு மறுநாள் காலையில்தான் அவள் சாம்பலும் கையுமாக நின்றது.

செம்பன் தேறிய வேகத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். விலா மறைந்து, மயிரில் மினுமினுப்பு ஏறி, கழுத்து தடித்தது. எதைப் போட்டாலும் தின்றது. பழைய களி, காரக் குழம்பு, எருமை மிச்சம் வைத்த பருத்திக்கொட்டை எல்லாவற்றையும் தின்றது. தின்றதில் ஒன்றும் வெளியே வரவில்லை, வாய்வழியாகவும் சரி, மற்றபடியும் சரி. மலைப்பக்கச் சிரிப்பும் நின்றுவிட்டது. முனியப்பன் மன்னித்துவிட்டார் என்று அவள் மனசாரக் கும்பிட்டாள்.

குரைக்காததைத்தான் முதலில் கவனித்தாள். வண்டித்தடத்தில் ஆள் போனாலும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் எருமை. கட்டுத்தறியின் கடைசிவரை ஒதுங்கி நின்று, கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பாலை அடக்கிவிட்டது. அப்புறம் அந்த மெல்லும் சத்தம். எலும்பு என்றைக்கோ தீர்ந்துபோயிற்று. ஆனாலும் அவள் அடுப்பை ஊதும்போதும், பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும், கடக் கடக்கென்று வாசலில் கேட்கும். எட்டிப் பார்த்தால் செம்பன் வாயை மூடிக்கொண்டு சும்மா படுத்திருக்கும். தாடைக்குக் கீழே மண்கூட கலைந்திருக்காது.

படலருகில் படுத்தது வேப்பமரத்தடிக்கு வந்தது. அங்கிருந்து வாசலுக்கு. ஒரு மத்தியானம் அவள் திரும்பிப் பார்த்தபோது தலையை வாசற்படிமேல் வைத்துப் படுத்திருந்தது. "ஏய், போ அந்தாண்ட" என்று துடைப்பத்தை ஓங்கினாள். போகவில்லை. உறுமவுமில்லை. பார்த்தது. செம்பன் பார்த்தால் வாலும் சேர்ந்து பார்க்கும். இதன் வால் கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஓங்கிய கையை அவள் தானாகவே இறக்கிக்கொண்டாள். மறுநாள் முன்னங்கால்கள் இரண்டும் படியைத் தாண்டி உள்ளே இருந்தன. சூட வாடை வீடு முழுக்க நின்றது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தெரியாது என்றும் சொல்ல முடியாது. நாய் நன்றாக இருக்கிறது, மலையில் சத்தம் இல்லை, பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். அன்றைக்குப் பிள்ளையும் பால் கக்கவில்லை. குடித்து முடித்ததும் தோளில் போட்டுத் தட்டினால் கட்டியாக ஒரு வாய் கக்கும், அவள் ரவிக்கையெல்லாம் எப்போதும் அந்தப் புளிப்புத்தான். இன்று தட்டித் தட்டிப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. வயிறு தேறிவிட்டது என்று அதற்கும் சந்தோஷப்பட்டாள்.

சாயங்காலம் பாவாயி கூலிக்கான சோளத் தவசம் வாங்க வந்தாள். படலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"ஏ பாவாயி, உள்ள வா."

"இல்லீங்க ஆத்தா, இங்கயே நிக்கறனுங்க." அவள் கண் வாசற்படியில் கிடந்ததை விட்டு நகரவில்லை. "இது எப்பங்க இங்க வந்துது?"

"எது?"

"நானு எல்லை வழியாத்தானுங்க வந்தேன். முனியப்பன் குழிகிட்ட, முள்ளுக்கு அடியில ஒரு நாய் கெடந்து மொனகுதுங்க. ஈனசுரமா. எலும்பும் தோலுமா. குழி ஓரத்துல எலும்பெல்லாம் முழுசு முழுசாக் கக்கி வெச்சிருக்குது, சதைகூடக் கரையலீங்க. பாத்தா உங்க செம்பனாட்டவே இருந்துதுங்க. கூப்புட்டதுக்குத் தலையத் தூக்குச்சு. அதைச் சொல்லிப்போட்டுப் போலாம்னுதான்..." அவள் முடிக்கவில்லை. தவசத்தையும் வாங்கிக்கொள்ளவில்லை. வந்த வழியே, திரும்பிப் பார்க்காமல், வேகமாக நடந்தாள்.

சௌந்திரம் அவள் போவதையே பார்த்தாள். மெதுவாகத் திரும்பினாள். அது படுத்திருந்தது. அதே செம்பட்டை நிறம், அதே கிழிந்த காது. பிள்ளை உள்ளே தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் அது.

மோர்ச் சட்டி வெளியே உறியில் தொங்கியது. எடுத்தாள். அதன் முன்னால் வைத்தாள். மோர் பட்டால் நாலு எட்டு. செம்பன் என்றால் அதற்குள் கக்கியாக வேண்டும்.

நக்கிக் குடித்தது. சட்டி காலியாகும்வரை நிதானமாகக் குடித்தது. பிறகு அவளைப் பார்த்தது. அவள் காத்திருந்தாள். கக்கு சாமி, கக்கு, ஒரே ஒரு தடவை கக்கிக் காட்டு என்று மனசுக்குள் மன்றாடினாள். பொழுது இறங்கிக்கொண்டே இருந்தது. அது நாக்கால் மூக்கை ஒரு தடவை துடைத்துக்கொண்டது.

அப்போது கேட்டது. எக்கல். தொண்டையில் கரகரப்பு. கடைசியில், மன்னிப்புக் கேட்கிற அந்த முனகல்.

வாசற்படியில் இருந்து அல்ல. அவளுக்குப் பின்னால், படலுக்கு வெளியே, சோளத்துக்குள் இருந்து.

திரும்பிவிட்டாள். திரும்பியிருக்கக் கூடாது. சோளத்தட்டுகள் ஓரிடத்தில் தாழ்வாக அசைந்தன. அதற்குள் இருந்து, வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு, முட்கள் ஏறிய உடம்போடு, செம்பன் ஊர்ந்து வந்தது. மஞ்சள் நுரை தாடையில் தொங்கியது. அவளைப் பார்த்ததும் வாலின் நுனி மட்டும் மண்ணில் ஒரு முறை அசைந்தது. ஈர நாயின் வாடை. செத்தாலும் மறக்காத அந்த வாடை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்னால் தூளிக் கயிறு முனகியது.

வாசற்படி காலியாக இருந்தது.

உள்ளே இருட்டு. விளக்கு இன்னும் ஏற்றவில்லை. கயிறு மட்டும் போய் வந்து, போய் வந்து முனகியது. யாரோ ஆட்டுகிறார்கள். பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடக்.

"அய்யோ சாமி" என்று வந்தது, சத்தமில்லாமல். பிறகு கால்கள் தானாக ஓடின. படி தட்டியது. முழங்கால் தரையில் மோதியது. எழுந்தாள். அடுப்பில் கொஞ்சம் கங்கு கிடந்தது. ஓலையை அதில் வைத்து ஊதினாள். பற்றவில்லை. ஊதினாள். கடக். இன்னும் ஊதினாள். கடக். பற்றிக்கொண்டது.

நாய் இல்லை. மூலையில் இல்லை. குதிருக்குப் பின்னால் இல்லை. எங்கும் இல்லை. கதவு ஒன்றுதான், அதன் வழியாக ஒன்றும் வெளியே போகவில்லை.

தூளி காலியாக ஆடியது.

அதற்குக் கீழே, தரையில், அவள் பிள்ளை உட்கார்ந்திருந்தது. பிடிமானமில்லாமல், முதுகை நிமிர்த்தி, சம்மணம் போட்டு. முன்னால் அந்த ஆமணக்கு இலை, வாடாமல், விரித்து வைத்திருந்தது. பிள்ளை இரண்டு கையாலும் ஒரு நெஞ்செலும்பைப் பிடித்து, அன்று அவள் கழுவாத விரலைச் சப்பிய அந்தப் பல் இல்லாத வாயில் வைத்திருந்தது. கடக்கென்று ஒடித்தது. மென்றது. விழுங்கியது. கொஞ்ச நேரம், வயிறு என்ன சொல்கிறது என்று கேட்பது போல் இருந்துவிட்டு, அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது.

"கண்ணு" என்றாள். ஓலை எரிந்து விரலைச் சுட்டது. விடவில்லை. "என்ற கண்ணு. அம்மாகிட்ட வா சாமி. கக்கிரு. துப்பிரு சாமி."

பிள்ளை எலும்பைக் கீழே வைத்துவிட்டு, தூக்கிக்கொள்ளச் சொல்லி, ரத்தம் படிந்த இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டியது. அவளுடைய பிள்ளை எப்படி நீட்டுமோ அப்படியே. அவள் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. ஒரு எட்டு வைத்தாள்.

காலில் ஏதோ இடித்தது. செம்பன். பிறந்ததிலிருந்து வாசற்படி தாண்டாத நாய், தன்னை இழுத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தது. நடுங்குகிற நாலு காலையும் ஊன்றி, அவளுக்கும் பிள்ளைக்கும் குறுக்கே எழுந்து நின்றது. முதுகு மயிர் முழுக்கச் சிலிர்த்திருந்தது. பல் தெரிய, இத்தனை நாள் தொண்டையில் இல்லாத குரலைத் திரட்டி, பிள்ளையைப் பார்த்து உறுமியது.

ஓலை அணைந்துகொண்டிருந்தது. நீட்டிய கைகளைப் பிள்ளை இறக்கவில்லை. ஒருத்தரையும் விடாதே என்று அவள் தினமும் கெஞ்சியதை மறக்காத செம்பனும் நகரவில்லை.